நனையாத சேலைகள்

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
மடுல்சீமை.
ஜூலை 6

அன்புள்ள மயூரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நம்புவதும் விடுவதும் உமது பாடு.

போனில் பேசினால் எங்களுக்குச் சண்டைதான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வளைவில் நின்றுதானே பேசினேன். தோட்டத்தில் அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் வரும் என்று உமக்குத் தெரியும். நான் "அப்ப நான் என்ன செய்ய வேணும் எண்டு சொல்லும்" என்று கத்தினதை அரைத் தோட்டமும் கேட்டிருக்கும். மறுநாள் மருந்தெடுக்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரு மாதிரி அன்பாகப் பேசினார்கள். அதுதான் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். பதுளையில் ஷுக்ரி நானாவிடம் சொன்னேன். பண்டாரவளைச் சந்தையில் எடுக்கிற மரக்கறியை அவர் கிழமைக்குக் கிழமை மாலேக்கு அனுப்புகிறாராம். "கொடுங்க டொக்டர், லீக்ஸோட லீக்ஸாப் போய்ச் சேரும்" என்றார். மணத்துக்கு நான் பொறுப்பில்லை.

வீடு அப்படியே இருக்கிறது. மூன்று அறையில் ஒன்றில்தான் நான் புழங்குகிறேன். மிட்வைஃப் பிரசாந்தினி மிஸ்ஸி இரண்டு நாளைக்கொரு முறை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா டொக்டர்" என்று அதட்டிவிட்டுப் போகிறா. உமது அலுமாரியை நான் திறக்கவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. மேல் டிவிசன் குணமணிக்குத் திரும்பவும் வயிற்றில் பிள்ளை. நவம்பர்க் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறேன். கிளினிக்கில் என்னை நேராகப் பார்த்து, "போன வருசம் மாதிரி ஆயிடாதுங்களேய்யா?" என்று கேட்டாள். ஆகாது என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பாலம் இன்னும் அதே பலகைதான். ஓடை பெருகினால் மேல் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் இறங்க முடியாது. போன மழையில் அக்கரையில் வலியோடு அவள் காத்திருந்து, பிறகு கயிறு கட்டித் தூக்கி வந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. அதைக் கையில் வாங்கினது நீர். நானும் நீரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

நீர் இப்போது செய்கிற வேலையே இதுதானே. மழைக்கும் கடலுக்கும் விழாத மாதிரி ஆஸ்பத்திரியை நடத்துவது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் உங்கள் தீவுக்காரர் பிள்ளைத்தாய்ச்சிகளை என்ன செய்கிறார்கள்? விவரமாக எழுதும்.

அன்புடன்,
சேந்தன்


மாலைதீவு,
ஜூலை 25

அன்புள்ள சேந்தனுக்கு,

பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது. "இஞ்சாருங்கோ" என்று கடிதத்தில் எப்படி எழுதுவது?

கடிதத்தில் லீக்ஸ் மணந்தது உண்மை. இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன்.

இந்தத் தீவைக் காலாற நடந்து சுற்றி வர அரை மணித்தியாலம் போதும். மலையில் இருந்தபோது எங்கே பார்த்தாலும் சுவர் மாதிரி இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று உங்களோடு சண்டை பிடிப்பேன். இங்கே கண்ணை மறைக்க ஒன்றுமே இல்லை. அதுவும் முட்டத்தான் செய்கிறது. பின்னேரங்களில் படகுத்துறையில் போய் உட்காருவேன். ஒருவரும் எனக்காக வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் கடைசிப் படகு கட்டும்வரை எழும்ப மனம் வராது.

வேலையைக் கேட்டீர்கள். சுகாதார நிலையத்தின் தரையை முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கியாயிற்று. கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால் மழைத் தண்ணீருக்குத் தாங்கி வைத்திருக்கிறோம். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு சோலார். அந்த ஃபிரிட்ஜை எந்த அறையில் வைப்பது என்று பெரிய ஆட்களோடு வாதாடி வென்றது நான். கூட்டக் குறிப்பில் என் பெயரைப் போட்டு எழுதினார்கள். எட்டு வருடம் "டொக்டரய்யா வீட்டம்மா"வாக இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். குணமணியின் பிள்ளையை நான் கையில் வாங்கியபோதும், நர்ஸிங் படித்தவளாக இருந்தும், நான் அங்கே நர்ஸ் இல்லை. வெந்நீர் கொண்டுவந்த வீட்டம்மா. பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பேச வந்தேன். நீங்கள் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகள் விஷயம். கடல் மூடிவிட்டால் நாட்கணக்கில் படகு இல்லை. அதனால் மூடுவதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தீவுக்கு அவர்களை அனுப்பிவிடுகிறோம். அங்கே ஒரு வீடு இருக்கிறது. பிள்ளை பிறக்கும்வரை அதில் தங்குவார்கள். என்னோடு வேலை செய்கிற ஸுலைஹாவும் நானும் ஒவ்வொரு வீடாகப் போவோம். கூப்பிட்டவுடன் ஒருவரும் வரமாட்டார்கள். "இன்றைக்குக் கடல் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். நன்றாக இருக்கிற நாளில்தான் கூப்பிட வேண்டும் என்பாள் ஸுலைஹா. பெட்டி கட்டும்வரை வாசலை விட்டு நகரமாட்டாள். நீங்களும் ஓடைக்கு இக்கரையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பாருங்கள். மழை தொடங்குமுன் அவர்களை இறக்குங்கள்.

இன்னொன்று. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் குணமணி இருந்தாள், பாலம் இருந்தது, ஷுக்ரி நானா இருந்தார். எனக்கென்று அலுமாரி மட்டும்தான் இருந்தது.

அன்புடன்,
மயூரி


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
ஆகஸ்ட் 30

அன்புள்ள மயூரிக்கு,

உமது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வீடு எங்கே தேடுவது? கடைசியில் என் கண் முன்னாலேயே நின்றது. எங்கள் குவார்ட்டர்ஸ்தான். பாறைமேல் கட்டினது, போன மழையிலும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு டியூட்டி அறைக்குப் போய்விட்டேன். அறை சின்னது. கதவைச் சாத்தினால் கட்டில் இடிக்கிறது, திறந்து வைத்தால் குளிர் கொல்கிறது. மேலிடத்திலும் வாயால் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு மேல் டிவிசனுக்கு ஏறினேன். லய வரிசையில் வீடு வீடாக ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். தாங்கள் கூப்பிடாமல் நான் உள்ளே போகமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். "உள்ள வாங்கய்யா" என்று பாய் போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். எல்லா வாசலிலும் ஒரே பதில். "மழ வரட்டுங்கய்யா, அப்பப் பாத்துக்கலாம்." எனக்கு வந்த கோபத்தில், மழை வந்த பிறகு என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கத்திவிட்டேன்.

குணமணியின் மாமியார்தான் உள்ளதைச் சொன்னா. "தப்பா நெனைக்காதீங்கய்யா. வீட்டுக்காரம்மா இல்லாத வீட்டுல புள்ளத்தாச்சிய எப்படிங்க உடுறது? வாசல்ல வந்து கையப் புடிச்சி உள்ள கூட்டிக்கிட்டுப் போக ஒரு பொம்பள வேணுமுங்க." குங்குமம் வைத்து உள்ளே அழைக்க அந்த வீட்டுப் பெண் வேண்டுமாம். இல்லாத வீட்டில் தங்கினால் பிள்ளைக்கு ஆகாதாம். அவ சொன்னதுக்கு மற்றப் பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் வெளியே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியும் எடுபடவில்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை, மயூரி. "அம்மா கார்த்திகைக்கு முன்னம் வந்திடுவா" என்று சொல்லிவிட்டேன். கிழவி சந்தேகமாகப் பார்த்தா. அதனால் இரண்டு கிழமை கழித்து, அதாவது போன கிழமை, அம்மா வந்துவிட்டா என்றும் சொல்லிவிட்டேன்.

சிரிக்க வேண்டாம். உமது அலுமாரியைத் திறந்தேன். நீர் விட்டுவிட்டுப் போன சேலைகளை எடுத்து, காலையில் முற்றத்துக் கொடியில் போடுகிறேன், பின்னேரம் மடித்து வைக்கிறேன். மேல் டிவிசன் பாதையில் வருகிறவர்களுக்குக் கொடி நன்றாகத் தெரியும். நீலச் சேலை, பச்சைக் கரை போட்டது, அந்த மஞ்சள் நூல் சேலை என்று முறை வைத்துப் போடுகிறேன். வீட்டுக்கு யாரும் வந்தால் அம்மா இப்போதுதான் பதுளைக்குப் போனா என்று சொல்வேன். இரண்டு பேர் வருவதாகத் தலையாட்டிவிட்டார்கள்.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டீர். உமக்கு எது நல்லதோ அதைச் செய்யும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அன்புடன்,
சேந்தன்


மாலைதீவு,
செப்டெம்பர் 22

சேந்தனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் படகுத்துறைப் பக்கமே போகவில்லை. ஸுலைஹா, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று கேட்டாள். வீட்டில் சேலை காய்கிறது என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை.

நான் ஏன் அந்த வீட்டை விட்டு வந்தேன் என்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த வீட்டில் விளக்கேற்றவும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும், கொடியில் சேலை காயப் போடவும்தான் நான் இருந்தேன். உங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை இல்லை, உங்கள் பேச்சில் எனக்கு இடமில்லை. இப்போது நானே இல்லாமல் சேலை மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. நல்லதுதான். உங்களுக்கு என் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

குணமணியின் மாமியாருக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லையே?

சரி, கோபத்தை ஒரு பக்கம் வைக்கிறேன். இந்த வேலை தெரிந்தவளாக இரண்டு வார்த்தை எழுதுகிறேன், கேளுங்கள். பொய்யில் இந்தக் காரியம் ஓடாது. இங்கே ஒரு தடவை, வராத புயலை வருகிறது என்று யாரோ சொல்லிப் படகேற்றிவிட்டார்களாம். அடுத்த முறை உண்மையாகவே கூப்பிட்டபோது ஒருத்தியும் அசையவில்லை. அவர்களிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. கையைப் பிடித்து உள்ளே அழைக்க ஒரு பெண் வேண்டும் என்கிறார்கள். கடலும் ஓடையும் கண்ட எந்த ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள். அதற்கு நானே வேண்டும் என்று இல்லை. பிரசாந்தினி பசறையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறாள். கணவர் ரஜீவ் கட்டாரில். தாயோடு அந்த வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சாவியை அவள் கையில் கொடுங்கள். சமையலறையை அவள் பொறுப்பில் விடுங்கள். அவள் அழைத்தால் அவர்கள் வருவார்கள்.

நீலச் சேலையை வெயிலில் நேராகப் போடாதீர்கள், சாயம் போய்விடும்.

மயூரி


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
ஒக்டோபர் 26

அன்புள்ள மயூரிக்கு,

நீர் சொன்னபடி செய்துவிட்டேன்.

பிரசாந்தினியும் தாயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாவியைக் கொடுத்தபோது, "அம்மா வந்தா என்ன சொல்லுவாங்க டொக்டர்" என்று தயங்கினா. அம்மாதான் கொடுக்கச் சொன்னா என்றேன். அந்த ஒரு வார்த்தையாவது உண்மையாக இருந்தது.

பிறகு மேல் டிவிசனுக்குப் போனேன். காலைப் பெரட்டில் பேர் பதிந்து முடிந்து, பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுமுன் எல்லாரையும் நிறுத்தி, அம்மா வரவில்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னேன்.  எத்தனை பெரிய ஒப்பரேஷனுக்கு முன்னும் நான் அப்படிப் பயந்ததில்லை.  குணமணிதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"காலையில போடும்போதே காஞ்சிதாங்கய்யா கெடக்கு. சாயந்தரம் அப்படியே எடுக்குறீங்க. அம்மா சேல ஒரு நாளாச்சும் நனைஞ்சிருக்குங்களா?"

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் சிரித்தது. மாமியார்க் கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. முதல் நாளே எல்லாருக்கும் தெரியுமாம். தோட்டத்தில் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பாவம், அய்யா ஆசப்பட்டுப் போடுறாரு, நாம ஏன் கெடுக்கணும்னு உட்டுட்டோம்" என்றா கிழவி. 

தீபாவளி கழிந்து குணமணி இறங்கி வந்தாள். பிரசாந்தினி வாசலில் நின்று குங்குமம் வைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. மழைக் காலத்துக்கு நாள் சொன்ன மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். குணமணி வீட்டுக்கு மட்டும் நான் எத்தனை தடவை ஏறினேன் என்று கணக்கில்லை. அவளுடைய புருஷன், "அய்யா, ஒங்களுக்கு லயத்துல ஒரு ரூம் போட்டுத் தந்துடவா?" என்று பகிடி பண்ணுகிற அளவுக்குப் போய்விட்டது. சின்ன சோலார் ஒன்றும் பொருத்தியாயிற்று, தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு. அதுவும் உமது கடிதத்தைப் பார்த்துச் செய்ததுதான்.

இப்போது பின்னேரங்களில் அந்த வீட்டில் ஒரே சத்தம். தேங்காய் துருவுகிற சத்தம், சிரிப்பு, சண்டை. நான் டியூட்டி அறை யன்னலால் கேட்டுக்கொண்டிருப்பேன். போய் உட்காரலாம். போனால் எல்லாரும் எழும்பி நின்றுவிடுகிறார்கள். அதனால் போவதில்லை.

மழை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

அன்புடன்,
சேந்தன்


மாலைதீவு,
நவம்பர் 9

அன்புள்ள சேந்தனுக்கு,

சிரித்துச் சிரித்து வாசித்தேன். பிறகு "ஆசைப்பட்டுப் போடுகிறார்" என்று கிழவி சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அந்த ஆசையைப் பற்றி எனக்கு ஒருநாளும் தெரியாது. தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

இங்கே கடல் தணிந்துவிட்டது. இந்த முறை ஒரு தாயும் வீட்டில் வலியோடு மாட்டிக்கொள்ளவில்லை. ஸுலைஹா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு நானே பரிமாறிச் சாப்பிட்டேன். நல்ல செய்தியைச் சொல்ல ஒருவரும் இல்லாத வீட்டில் நல்ல செய்தி என்ன செய்யும், சொல்லுங்கள்.

நேராகவே எழுதுகிறேன். சுற்றி வளைக்க வயது போய்விட்டது. குணமணியின் வாசலில் கணக்கில்லாமல் நின்றிருக்கிறீர்கள். வராதவளை வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறீர்கள், கத்தியிருக்கிறீர்கள், பொய் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் "குறுக்கே நிற்கமாட்டேன்" என்றீர்கள். அதைப் பெரிய மனசு என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். எனக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் போகும்போதும் நீங்கள் குறுக்கே நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் எடும் என்றீர்கள்.

என் வாசலுக்கு ஒருநாளும் வந்து நின்றதில்லை நீங்கள்.

நான் அந்த வீட்டுக்கு வீட்டம்மாவாக வரமாட்டேன். அது இப்போது பிரசாந்தினியின் வீடு, அப்படியே இருக்கட்டும். ஆனால் உங்களோடு வேலை செய்ய, உங்களோடு சண்டை பிடிக்க, டியூட்டி அறையின் அந்த இடிக்கிற கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட வரச் சொன்னால் வருவேன். வாரும் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். முப்பதாம் திகதி நான் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுதுங்கள்.

காத்திருக்கிறேன்.

மயூரி


மாலைதீவு,
டிசம்பர் 3

அன்புள்ள சேந்தனுக்கு,

உங்கள் பக்கத்து மழையைப் பற்றி இங்கே செய்தியில் காட்டினார்கள். போனுக்கு மேல் போன் எடுத்தேன், ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைசியில் ஷுக்ரி நானா கிடைத்தார். பாதை பல இடத்தில் உடைந்துவிட்டது, ஆனால் தோட்டத்திலிருந்து ஒருவர் நடந்தே பதுளைக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனார், தாய்மார் எல்லாரும் சுகம் என்றாராம் என்று சொன்னார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குணமணி சுகம் என்றால் நான் இங்கே வந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

என் கடிதம் உங்கள் கையில் பதினேழாம் திகதியே கிடைத்துவிட்டது என்றும் ஷுக்ரி நானா சொன்னார். அவரே நேரில் கொண்டுவந்து கொடுத்தாராம். மழை அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் தொடங்கியது. அவரிடம் பதில் ஒன்றும் கொடுத்துவிடவில்லையா என்று கேட்டேன். மனுஷன் பாவம், கரட் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

முப்பதாம் திகதி பின்னேரம்வரை பார்த்தேன். கையெழுத்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம்.

உங்கள் மேல் கோபமில்லை. கோபம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அந்தச் சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள்.

மயூரி


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
டிசம்பர் 21

என் மயூரிக்கு,

பாதை இன்றைக்குத்தான் பாதி திறந்தது. உமது கடிதத்தை ஷுக்ரி நானா ஓர் இடம்வரை லொறியிலும் மிச்சத்தை நடந்தும் கொண்டுவந்து தந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

முதலில் உமக்குச் சேர வேண்டிய செய்தி. மழை தொடங்கி மறுநாளே பலகைப் பாலம் போய்விட்டது. மேல் டிவிசனுக்கும் எங்களுக்கும் இடையில் ஓடை ஆறாக ஓடினது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நான்கு தாய்மாரும், துணைக்கு வந்திருந்த மாமியார்க் கிழவியும் இக்கரையில் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். குணமணிக்கு மூன்றாம் நாள் மத்தியானம் வலி வந்தது. பிரசாந்தினி கூப்பிட்டா, நான் ஓடினேன். இரவு பத்து மணி எட்டு நிமிடம். பெண் பிள்ளை. பிறந்தவுடன் அது போட்ட சத்தத்தில் கிழவி தரையில் விழுந்து கும்பிட்டா. நான் போன வருடத்து அந்தப் பிள்ளையை நினைத்தேன், நீர் கையில் வாங்கின அதை.  நீர் பேச வந்த அன்றைக்கு நான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கவில்லை, மயூரி. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தக் கிழமைக்குள் மற்ற மூன்று பேருக்கும் பிள்ளை பிறந்தது. எல்லாரும் சுகம். தொட்டில் கட்டத் துணி இல்லை, எல்லாம் அக்கரையில். கிழவி வந்து, "அய்யா, அம்மா சேல இருக்குங்களா?" என்று கேட்டா. அலுமாரிச் சாவியைக் கொடுத்தேன். நீலம், பச்சைக் கரை, மஞ்சள், அடியில் கிடந்த இன்னொன்று எல்லாம் கூரை வளையில் தொங்கினது, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. இரண்டாம் நாள் குணமணி நீலச் சேலையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே சொன்னாள், "இப்பத்தாங்கய்யா அம்மா சேல நனையுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விறாந்தையில் போய் நின்றேன். வீடு நிறைய ஆட்கள், நிறையப் பிள்ளைச் சத்தம். நீர் அங்கே இல்லை. எனக்குத் தனிமையாக இருந்தது. உமக்கு எழுதாத ஒரு வரி இருந்தது என்றால் இதுதான். நீர் போன நாளிலிருந்து இருக்கிறது.

உமது நவம்பர்க் கடிதம் வந்த நாளில் என் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம், ஷுக்ரி நானா வாசலில்தான் நின்றார். மழை முடியட்டும், இந்தத் தாய்மாரைக் கரை சேர்த்துவிட்டு ஆறுதலாக எழுதுவோம் என்று நினைத்தேன். "மழ வரட்டுங்கய்யா, அப்பப் பாத்துக்கலாம்" என்றவர்களை நான் எப்படிக் கத்தினேன் என்று உமக்கு எழுதியிருக்கிறேன். அதே ஆள்தான் நான். கடல் நன்றாக இருக்கிற நாளில் கூப்பிட வேண்டும் என்று நீர் எழுதினதை மேல் டிவிசன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இனி உம்மை வாரும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கையெழுத்து வைத்தாயிற்று, அந்தத் தீவுக்கு நீர் வேண்டும். முறித்துக்கொண்டு வரச் சொல்லமாட்டேன்.

அதனால் நான் வருகிறேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து எடுக்காத லீவு எல்லாம் கிடக்கிறது, பங்குனிக்கு வேண்டும் என்று இன்றைக்கே எழுதிவிட்டேன். பதில் மருத்துவர் ஒருவரையும் கேட்டிருக்கிறேன். ஷுக்ரி நானா மாலேவரைக்கும் வழி சொல்லித் தருவார், அங்கிருந்து படகு விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா கூட்டிக்கொண்டு போகாத ஆளை உங்கள் தீவில் வீட்டுக்குள் விடுவார்களா என்று ஸுலைஹாவிடம் கேட்டுச் சொல்லும். நான் அவசரப்படுத்தமாட்டேன். லயத்து வாசலில் நிற்கிற மாதிரி நிற்பேன். உள்ளே வரச் சொல்வதும் விடுவதும் உமது பாடு.

அன்புடன்,
உமது
சேந்தன்

பி.கு.: வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதும். லீக்ஸ் எப்படியும் வரும். சேலை மட்டும் கேட்க வேண்டாம், ஒன்றும் காயவில்லை.